பாடல் பெற்ற தலங்கள்

வெளிநாடு போகிறவன் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்வதாகத்தான் நம்புகிறான். சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அவன் மூட்டை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே யாராலோ தயாரிக்கப்பட்டுவிடுகிறது. அவன் செய்வதெல்லாம் அதில் சிலவற்றை அடிப்பதும் சிலவற்றை வைத்துக்கொள்வதும்தான். ஆகவே அவன் எதைத் தேர்ந்தான் என்று கேட்பதைவிட, பட்டியலை யார் போட்டார்கள் என்று கேட்பது பயனுள்ளது. தமிழைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பழைய விடை உண்டு. பட்டியலைப் போட்டவர்கள் கவிகள்.

பாடல் பெற்ற தலம் என்ற சொற்றொடரை நாம் அர்த்தம் யோசிக்காமல் உபயோகித்து வருகிறோம். தேவார மூவர் போய்ப் பாடிய ஊர்கள் 270க்கு மேல். ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்தவை 108. ஒரு கோயில் பெரியது, பழையது, அழகானது என்பதால் அது பட்டியலில் ஏறவில்லை. ஒரு கவி அங்கே போனான், அல்லது மனத்தால் போனான், பாடினான் என்பதால் ஏறியது. 108இல் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போக முடியாதவை. மிச்சத்தில் சாளக்கிராமம் ஒன்று மட்டும் இன்றைய இந்திய எல்லைக்கு வெளியே, நேபாளத்தில், முக்திநாத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பார்க்க முடியாத இரண்டையும் சேர்த்தே பட்டியலை முழுமையாகக் கருதிய மனம் நம்முடையது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம். பாம்பு கடித்து இறந்து, எரிக்கப்பட்டு, குடத்தில் சாம்பலும் எலும்புமாக இருக்கும் ஒரு பெண்ணிடம் அவர் ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஒவ்வொன்றையும் பார்க்காமலே நீ போய்விடுவது முறையா என்பதுதான் பாட்டுக்குப் பாட்டு வரும் கேள்வி. பெண் எழுந்து வருகிறாள் என்பது புராணம். புராணத்தை நம்பாதவர்கள்கூட, கட்டாயம் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று இந்த ஊரில் ஆயிரத்து முன்னூறு வருஷங்களாகப் பாட்டாக இருந்து வருகிறது என்பதை மறுக்க முடியாது. சம்பந்தர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும் இன்றைய கோயில் பிற்பாடு கட்டப்பட்டது என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கோயில் இடம் பெயர்ந்தும் தலம் பட்டியலில் இருந்து விழவில்லை. காரணம் பாட்டு அப்படியே இருந்தது.

2003இல் அமெரிக்காவில், சாவதற்கு முன் பார்க்க வேண்டிய ஆயிரம் இடங்கள் என்று பட்ரிஷியா ஷூல்ட்ஸ் ஒரு புத்தகம் போட்டார். அபாரமாக விற்றது. சம்பந்தர் செத்தவளை வாழக் கூப்பிடுகிறார். இந்தப் புத்தகம் வாழ்கிறவனுக்குச் சாவை நினைவூட்டி டிக்கெட் வாங்க வைக்கிறது. இரண்டும் பட்டியல்கள்தாம். ஆனால் ஒரே ஜாதிப் பட்டியல்கள் அல்ல.

2

கடல் தாண்டுவது தோஷம் என்ற நினைப்பு இருந்தவரை வெளிநாட்டுக் காட்சி என்ற பேச்சுக்கே மேல்ஜாதி வீடுகளில் இடமில்லை. 1914 மார்ச் 17ஆம் தேதி ராமானுஜன் நெவாஸா என்ற கப்பலில் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது குடுமி போய்விட்டிருந்தது. நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகே தாயார் சம்மதித்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் போனது கணிதத்துக்காக. லண்டனில் என்ன பார்ப்பது என்று அவர் பட்டியல் போட்டதாக யாரும் சொல்லவில்லை.

அதற்குச் சற்று முன்பே வேறு சிலர் போய்ப் பார்த்து எழுதியும் இருக்கிறார்கள். மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் பத்திரிகையின் ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை லண்டனையும் பாரிஸையும் இந்தியக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதாகத் தலைப்பிட்டு 1897இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். கண்ணாடி இந்தியாவுடையது என்று சொல்லிக்கொண்டாலும் பார்க்கப்படுவது எது என்பதை அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன்தான் தீர்மானித்தான். 1841இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயில் பயணம் ஏற்பாடு செய்து தொழிலைத் தொடங்கிய தாமஸ் குக், 1872இல் 222 நாட்களில் உலகத்தைச் சுற்றிக் காட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். பார்க்கத் தகுந்த உலகம் என்று ஒன்று அதற்குள் அச்சாகி, விலை போட்டு, கடையில் வந்துவிட்டது.

அதே வருஷங்களில் தமிழன் மிக அதிகமாகக் கடல் கடந்தான் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கைத் தேயிலைக்கு, மலேயா ரப்பருக்கு, நேட்டால் கரும்புக்கு, பிஜித் தீவுக் கரும்புக்கு. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் போனவர்களுக்குப் பயணமே ஆபத்து, போய்ச் சேர்ந்த இடம் அதைவிட ஆபத்து. சாகசம் என்ற சொல்லை அவர்கள் உபயோகித்திருக்க மாட்டார்கள். அது வேண்டி எடுத்துக்கொள்ளும் ஆபத்துக்கு உரிய சொல்.

3

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு படம் எடுப்பது என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அதன் பிறகு அவருடைய பிரயாணப் பட்டியலை காந்தி தயாரித்தார் என்று சொல்லலாம். காந்தி எங்கெங்கே இருந்தாரோ, அவரைப் படம் பிடித்தவன் எங்கெங்கே இருந்தானோ, அங்கெல்லாம் இவர் போக வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் அப்படி வந்தன. சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, நூறு பேர் முப்பது வருஷங்களில் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்து, அதில் 12,000 அடியைத் தேர்ந்து, 1940 ஆகஸ்டில் சென்னை ராக்ஸி தியேட்டரில் அந்தப் படம் வெளிவந்தது. அவருக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை.

அவர் எழுதிய உலகம் சுற்றும் தமிழன், மலேயா முதல் கனடா வரை, கரிபியன் கடலும் கயானாவும் போன்ற புத்தகங்களில் ஒரு விசேஷம் உண்டு. பெரிய காட்சிகளின் எதிரில் ஆசிரியர் மெய்ம்மறந்து நிற்பது அவற்றில் அபூர்வம். ஒரு பெட்டிக் கடைக்காரர், ஒரு கப்பல் சிப்பந்தி, மூன்று தலைமுறைக்குப் பிறகும் மாரியம்மன் பெயரை மறக்காத ஒரு கிழவர் போன்றவர்கள்தான் அங்கே கண்ணில் படுகிறவர்கள். வாக்கியங்கள் சின்னவை. தன்னைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1943இலிருந்து 1983இல் இறக்கும் வரை அவர் நடத்திய குமரி மலரும் இதே குணம் கொண்டது. காந்திப் படம் எடுத்த கதையை அவர் குமரி மலரில் வெகுகாலம் கழித்தே எழுதினார். அது அண்ணல் அடிச்சுவட்டில் என்று புத்தகமாக 2003இல், ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து வந்தது. அதைப் படிக்கிறவனுக்கு ஒரு விஷயம் ஸ்பஷ்டமாகத் தெரியும். எதைப் பார்ப்பது என்ற குழப்பம் செட்டியாருக்கு ஓரிடத்திலும் வரவில்லை. கையில் கேள்வி இருந்தவனுக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை.

ஆனால் செட்டியார் போன இடங்கள் தமிழனின் பட்டியலில் ஏறவில்லை. டர்பனுக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பைப் பார்க்க இங்கிருந்து எத்தனை பேர் போகிறார்கள்? அவர் உரைநடை எழுதினார், பாடவில்லை என்பது காரணமாக இருக்கலாம். பாடியவர்கள் வேறு ஆட்கள்.

4

உலகம் சுற்றும் தமிழன் என்ற தலைப்பு பிறகு உலகம் சுற்றும் வாலிபன் ஆனது. 1970இல் ஒஸாகா கண்காட்சியிலும் ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் நகரங்களிலும் எடுக்கப்பட்டு 1973இல் வெளிவந்த எம்.ஜி.ஆர். படம் அது. அதற்கு முன் 1969இல் ஸ்ரீதரின் சிவந்த மண் ஐரோப்பாவுக்குப் போய்விட்டு வந்திருந்தது. விமானச் சீட்டு வாங்குவதற்கே பி ஃபாரம் என்ற ரிசர்வ் வங்கி அனுமதி தேவைப்பட்ட காலம் அது. 1939 யுத்தத்தோடு வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1947இல் ஒரு சட்டமாகி, 1973இல் இன்னும் கடுமையான சட்டமாகி இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவன்கூட அந்த ஊர்களுக்குப் போக முடியாது. போக முடியாத இடங்களைப் பாட்டில் பார்த்தான். இப்படித்தான் நமக்கு இரண்டாவது தடவையாகப் பாடல் பெற்ற தலங்கள் உண்டாயின. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. முறை ஒன்றேதான். முதலில் பாட்டு, பிறகு யாத்திரை. 1998இல் ஜீன்ஸ் படத்தில் ஒரே பாட்டுக்காக உலக அதிசயங்கள் ஏழு என்று கணக்குப் பண்ணி ஊர் ஊராகப் போனார்கள். ஏழு க்ஷேத்திரங்களை ஒரே பதிகத்தில் அடக்கிய மாதிரி.

பிறகு பணம் வந்தது. 1973 சட்டம் போய் 1999 சட்டம் 2000 ஜூனில் அமலானது. 2004 பிப்ரவரியில் தனி நபர் ஒருவர் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. 2015இலிருந்து அது 2,50,000 டாலர். தியாகராய நகரில் ஒரு வங்கிக் கிளையில் நான் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு இதற்கான படிவங்கள் வரும். படிவத்தில் பயணத்தின் நோக்கத்துக்கு ஒரு குறியீட்டெண் எழுத வேண்டும். தீர்த்த யாத்திரைக்கு ஓர் எண், வைத்தியத்துக்கு ஓர் எண், படிப்புக்கு ஓர் எண், விடுமுறைச் சுற்றுலாவுக்கு வேறோர் எண். ரிசர்வ் வங்கி பிரித்து வைத்திருப்பதை மனிதர்கள் அவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன கோடையில் மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதி வந்தார்கள். ஐரோப்பா, பதினோரு நாள். கம்பெனி கொடுத்த வழவழப்பான தாளில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு காட்சிகள், மற்றதன் தலைப்பு சாகசங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இலவசம், மேலே வேண்டுமானால் தனிக் காசு. நான் இலக்கியம் படிக்கிறவன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே சொல்லுங்கோ ஸார். எதை விட்டா பாதகமில்லை?"

"உங்களுக்கு எதைப் பார்க்கணும்னு இருக்கு ஸார்?"

அவர் மனைவியைப் பார்த்தார். மாமி சொன்னாள்: "அந்தப் பனிமலை. சினிமால எல்லாம் வருமே, அது."

அந்தப் பனிமலை யுங்ஃப்ராவ். கணவாய் ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரம். மலையைக் குடைந்து 1912இல் போட்ட ரயில் அங்கே ஏற்றிக்கொண்டு போகும். அதைப் பார்க்கக் கூடாதென்று சொல்ல நான் யார்? இந்தியாவைத் தாண்டியதில்லை நான். மாமியின் பதிலில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. பாட்டில் கேட்ட இடத்தை ஆயுளில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுடைய பாட்டி சிதம்பரத்துக்கு ஆசைப்பட்ட மாதிரிதான் இவளும் ஆசைப்படுகிறாள். மாறியிருப்பது ஆசை அல்ல, பாடகன்.

5

சாகசப் பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலில் கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பது அதில் முதலில் இருக்கும். பசிபிக்கில் வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்த் தீவில் இது வள்ளிக் கிழங்கு அறுவடையை ஒட்டிய சடங்கு. மரக்கோபுரம் கட்டி, கொடியைக் காலில் கட்டி, தலைமுடியோ தோளோ மண்ணைத் தொடும்படி குதிக்கிறார்கள். அப்படித் தொட்டால் அடுத்த விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. கொடியின் நீளம் தவறினால் கழுத்து போகும். 1979 ஏப்ரல் முதல் தேதி ஆக்ஸ்போர்டு மாணவர்கள் சிலர் பிரிஸ்டலில் ஒரு தொங்கு பாலத்திலிருந்து ரப்பர் கயிற்றோடு குதித்தார்கள். போலீஸ் பிடித்தது. 1987இல் நியூசிலாந்துக்காரரான ஹாக்கெட் பாரிஸில் ஐஃபல் கோபுரத்திலிருந்து குதித்தார். அவரையும் போலீஸ் பிடித்தது. 1988 நவம்பரில் அவரே குயின்ஸ்டவுனில் காவராவ் பாலத்தில், 43 மீட்டர் உயரத்தில், காசு வாங்கிக்கொண்டு குதிக்க வைக்கும் இடத்தைத் திறந்தார். சடங்கு, குறும்பு, வியாபாரம். கடைசிக் கட்டத்துக்கு வர ஒன்பது வருஷமே பிடித்தது.

மண்ணுக்காக எடுத்துக்கொண்ட ஆபத்து, எதற்காகவும் இல்லாத ஆபத்தாக மாறிய பிறகே விற்பனைக்கு வர முடிந்தது. குதிப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு என்று. காகிதங்களோடு காலம் தள்ளுகிறவன் என்பதால் இதில் என் கவனம் நிற்கிறது. நம்மில் இன்னொரு கூட்டம் இதற்கு நூறு வருஷம் முன்பே ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தது. அக்ரிமெண்ட் என்ற சொல் வாயில் நுழையாமல் கிர்மித் என்று ஆன காகிதம். ஐந்து வருஷம் கரும்புத் தோட்டத்தில் வேலை.

பிஜிக்கு அப்படிப் போனவர்கள் 1879 முதல் 1916 வரை 60,000க்கு மேல். 1903இலிருந்து சென்னைத் துறைமுகத்திலும் கப்பல் ஏற்றினார்கள். பெண்கள் பட்ட கொடுமை இங்கே செய்தியாக வந்து சேர்ந்தது. பாரதி பாடினார். அவர் பிஜிக்குப் போனதில்லை. கடலுக்கு அப்பால் அழுகிற குரல் இங்கே கேட்டது, பாடினார், அவ்வளவுதான். நம் மரபின் விதிப்படி அன்றே பிஜி பாடல் பெற்ற தலம் ஆகிவிட்டது.

ஆனால் யாத்திரை தொடங்கவில்லை. இன்று பிஜி என்றால் பவளப் பாறைக்குள் முக்குளிப்பு, ஆகாயத்திலிருந்து குடையோடு குதிப்பு, தேன்நிலவு. தாளில் அதுதான் இருக்கிறது. நாந்தி என்ற ஊரில் விமானம் இறங்கும். அந்த ஊர்க் கடைவீதி முடிகிற இடத்தில் ஒரு சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. அதே ஊரில்தான் 1926இல் பிஜியில் குடியேறியவர்கள் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் கண்டு, தமிழ் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். தாளில் கோயில் வரும், போட்டோ எடுக்க இருபது நிமிஷம் என்று. பாட்டு வராது. பாட்டை அறிந்தவன் அங்கே இறங்கினால் அவனுக்கு அந்த இருபது நிமிஷம் போதாது. கரும்பைப் பார்க்க வேண்டும், கரும்பு ஏற்றும் குட்டி ரயிலைப் பார்க்க வேண்டும், அந்த மனிதர்களோடு நின்று பேச வேண்டும்.

6

நம் இலக்கியத்தில் இதைச் செய்தவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. தியாகராய நகரில் வெகுகாலம் வசித்த அசோகமித்திரன் 1973இல் அமெரிக்காவின் அயோவா நகரத்துக்கு எழுத்தாளர் முகாமுக்காகப் போய்ச் சில மாதங்கள் இருந்தார். அதிலிருந்து வந்த ஒற்றன் புத்தகத்தில் அமெரிக்காவின் காட்சிகள் என்று சுற்றுலாக் கம்பெனி சொல்லக்கூடிய எதுவும் முக்கியமில்லை. குளிர், செருப்பு, சாப்பாடு, பல தேசங்களிலிருந்து வந்து ஒரே கட்டடத்தில் தனித்தனியாகத் தவித்த எழுத்தாளர்கள். படித்து முடித்தவனுக்கு அயோவா ஒரு தலம் ஆகிவிடுகிறது. ஆனால் ஒற்றன் ஆயிரம் பேர் படிக்கிற புத்தகம். யுங்ஃப்ராவ் கோடிப் பேர் கேட்ட பாட்டு.

இங்கேதான் நம் போன்றவர்களின் பொறுப்பு வருகிறது என்று நினைக்கிறேன். சினிமாக்காரனையும் சுற்றுலாக் கம்பெனியையும் திட்டுவது சுலபம். அவர்கள் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள். நம் வார இதழ்களில் பிரயாணத் தொடர்கள் பெருகிய காலத்தில், அன்றைய சிறுபத்திரிகைகளுக்கு அவை இலக்கியமே அல்ல. பல விஷயங்களில் அந்தத் தீர்ப்பு சரி. ஆனால் அதோடு பிரயாணம் என்ற விஷயத்தையே நாம் கைகழுவிவிட்டோம். அகவுலகம் ஒன்றே கவிதைக்குப் போதும் என்று இருந்தோம். நவீன கவிதை பிறந்து இத்தனை வருஷத்தில் அது பாடியதால் ஒரு தமிழன் தேடிப்போகிற ஊர் என்று ஒன்றைக் காட்ட முடியுமா?

பட்டியலே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. பட்டியல் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. செட்டியாருக்கு காந்தி இருந்தார், பாட்டிக்குத் தேவாரம் இருந்தது, மாமிக்கு ஒரு டூயட் இருக்கிறது. 2,50,000 டாலர் கொண்டுபோகலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது, எதற்குப் போவது என்று சட்டம் சொல்லாது. அதைச் சொல்வது பாட்டின் வேலையாகத்தான் இங்கே இருந்து வந்திருக்கிறது.

அந்த மயிலாப்பூர்ப் பெரியவரிடம் நான் பனிமலையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேறு எதைச் சொல்வது? நாங்கள் பாடி வைத்தது ஒன்றும் அந்தப் பதினோரு நாளின் வழியில் இல்லை.